முயல் காலை நீட்டிய அளவு

எழுத உட்கார்ந்ததற்கே முதலில் நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். நாலு பேர் நிற்கும் இடத்தில் வாய் திறக்கக் கூசுகிறவள். ஊருக்குக் கடிதம் எழுதினாலே இரண்டு தாளைக் கிழித்துப் போட்ட பிறகுதான் மூன்றாவது உருப்படும். பெரிய விஷயம் எதுவும் சொல்ல வரவில்லை. ஒரு முயல் கூடு எத்தனை அடி இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். இதையும் ஒருத்தி எழுத வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அந்தக் கூட்டின் பேரில் எங்கள் வீட்டில் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டது போல வேறு எதன் பேரிலும் பட்டதில்லை.

எண்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்பாய் தாராவியில் எங்களுக்கு ஒரு கோலி, அதாவது ஒற்றை அறை வீடு, இருந்தது. கீழே ஒரு வீடு, அதன் தலைமேல் எங்கள் வீடு. இரும்பு ஏணியில் ஏறி வர வேண்டும். ஏணி முடிகிற இடத்தில், கதவுக்கு வெளியே, செருப்புக் கழற்ற ஒரு பலகை மேடை. உள்ளே ஒரே அறை. என் தையல் மெஷின், தண்ணீர் டிரம், அடுப்பு இவையெல்லாம் போக மூன்று பேர் நெருக்கிப் படுக்கலாம். நான், என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா. அக்காவை நான் மதினி என்று கூப்பிடுவேன்.

மதினி கணவர் இறந்த பிறகு ஒரு டிரங்குப் பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்தவர். ஊரில் கொழுந்தன்மார் வீட்டில் இருந்த காலத்தைப் பற்றி அவர் பேசவே மாட்டார். சாப்பிடும்போது மட்டும் தட்டை இடது கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு சாப்பிடுவார். அதைப் பார்த்தே நான் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். தம்பி சம்பளத்தில் உட்கார்ந்து தின்னக் கூடாது, தன் கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்பது அவருடைய எண்ணம். செம்பூரில் மீன் தொட்டியும் கிளியும் விற்கிற கடைக்காரர் ஒருவர், பெரிய சாதி முயல் குட்டி கொண்டு வந்தால் எத்தனை வந்தாலும் எடுத்துக்கொள்வேன் என்று சொல்லியிருந்தார். அதை நம்பி மதினி தன் காது கம்மலை விற்று, உல்லாஸ்நகரில் முயல் வளர்க்கிறவரிடம் ஒரு பெண் முயல் வாங்கினார்.

சாம்பல் நிறம். காது ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சாண். கூடைக்குள் குறுகி உட்கார்ந்தபோதே ஒரு பெரிய பூசணிக்காய் அளவு இருந்தது.

விற்றவர் இந்தியில் ஒன்று சொன்னாராம். "இது பெரிய சாதி. நாலடி நீளக் கூடு வேணும். என்கிட்டயே இருக்கு, எடுத்துட்டுப் போங்க."

கூடப் போயிருந்த என் வீட்டுக்காரர் அங்கே தலையாட்டிவிட்டு, ரயிலில் மதினியிடம் சொன்னாராம்: "பாத்தியாக்கா? முயல் விக்கிறவன் கூடும் விக்கிறான். பெருசா வேணும்னு சொல்லாம சிறுசு போதும்னா சொல்லுவான்? முயல் உக்காந்துருக்கது ஒரு அடி. அதுக்கு எதுக்கு நாலடி? நடந்து நடந்து பாடமா படிக்கப் போவுது?"

மதினிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. யாராவது ஒரு பொருளை வாங்கச் சொன்னால், சொல்கிறவனுக்கு அதில் என்ன கிடைக்கிறது என்றுதான் எங்கள் ஆட்கள் முதலில் பார்ப்பார்கள்.

கூடு செய்யக் கம்பி வலைப் பட்டறை பாயிடம் போனார்கள். பாயும் எங்கள் ஜில்லாக்காரர்தான். அவர் கேட்ட முதல் கேள்வி, "எடம் எவ்ளோ இருக்கு?"

தாராவியில் எதற்கும் இதுதான் கேள்வி. கட்டில், அலமாரி, அடுப்பு மேடை எல்லாவற்றுக்கும் இடத்தைத்தான் அளப்போம். அதைப் பயன்படுத்தப்போகிற ஆளை அளப்பதில்லை. என் வீட்டுக்காரர் நல்ல உயரம். படுக்கும்போது முழங்காலை மடக்கித்தான் படுப்பார். கல்யாணமான நாளிலிருந்து அவர் கால் நீட்டித் தூங்கி நான் பார்த்ததில்லை. அது ஒரு குறையாக எங்கள் யாருக்கும் தோன்றியதும் இல்லை. செருப்பு மேடை இரண்டடிக்கு ஒன்றரை அடி. அதே அளவில் பாய் கூடு செய்து கொடுத்தார். மேடையில் கச்சிதமாக உட்கார்ந்தது. அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் மெச்சினார்கள்.

தீபாவளி கழிந்து முதல் ஈற்று. கூட்டின் ஒரு மூலையில் சின்னப் பிரம்புக்கூடையில் வைக்கோல் வைத்திருந்தார் மதினி. முயல் தன் நெஞ்சு முடியைப் பிடுங்கி அதில் நிரப்பியிருந்தது. காலையில் பார்த்தால் குட்டிகள் நசுங்கியும் குதறியும் கிடந்தன. ஒன்றுகூட உயிரோடு இல்லை. எத்தனை பிறந்தன என்றே தெரியவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது சந்தேகம்.

முதலில் பெருச்சாளி. பிறகு பூனை. ஆனால் கூட்டில் பூட்டு பூட்டியபடியே இருந்தது. அதனால் சந்தேகம் கீழ்வீட்டுக்காரி மேல் இறங்கியது. முயலின் மூத்திரம் மேடை இடுக்கு வழியாக அவள் வாசலில் சொட்டுகிறது என்று ஏற்கெனவே சண்டை. குட்டிகள் செத்த அன்று அவள் வாசலில் ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி வைத்திருந்தாள். மதினி ஏணியில் நின்றபடியே அதைப் பார்த்துவிட்டார்.

"ஏட்டி, வா இங்க. பாத்தியா? குட்டி செத்த அன்னைக்கே பழம் அறுத்துருக்கா. செய்வினை வச்சிருக்கா, பாதகத்தி!"

கீழேயிருந்து அவள் விடவில்லை. "ஆமா, ஒங்க முசலுக்குச் செய்வினை வைக்க நான் கொல்லத்துல இருந்து மலையாளத்தான கூட்டியாந்தேன்! எங்க வீட்டு வாசல்ல என்ன கெடந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும். போங்க மதினி, காலங்காத்தால!"

வாசலில் என்ன கிடந்தது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. சண்டையில் அந்த வார்த்தை போய்விட்டது.

மாசி மாதம் இரண்டாவது ஈற்று. அதுவும் அப்படியே. இந்த முறை தாயே ஒன்றைத் தின்றதை மதினி கண்ணால் பார்த்துவிட்டார். மறுநாளிலிருந்து கூட்டின் மேல் ஒரு பழைய நீலப் புடவைத் துணியைக் கட்டினார். நான் தண்ணீர்க் குடத்தோடு ஏணி ஏறி வரும்போதெல்லாம் அந்தத் துணியைக் கீழே இழுத்து விடுவார். என் வீட்டுக்காரர் வரும்போது இழுக்க மாட்டார். பால்காரர் வந்தாலும் இழுக்க மாட்டார். நான் வந்தால் மட்டும்.

எனக்குக் குழந்தை இல்லை. கல்யாணமாகிப் பல வருடம் ஆகியிருந்தது. துணிக்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிய ஒரு நாளுக்கு மேல் ஆகவில்லை. வாய் விட்டுக் கேட்கத் தெரிந்தவளாக இருந்தால் என் வாழ்க்கையில் பல விஷயம் வேறு மாதிரி போயிருக்கும். மேடையைத் தாண்டும்போது சுவரைப் பார்த்தபடி வரப் பழகிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுத் தட்டின் முன்னால் முடிவாகச் சொல்லிவிட்டார். "அக்கா, இன்னொரு தடவ பாப்போம். அதுவும் இப்படித்தான்னா முசலக் கறிக்குக் குடுத்துருதேன். நீயும் ஊருக்குக் கெளம்பு. நானே டிக்கெட் எடுத்துத் தாரேன். அவளும் எத்தன நாளைக்கு மூஞ்சியத் திருப்பிட்டுப் போவா?"

மதினி என்னைத்தான் பார்த்தார், தம்பியைப் பார்க்கவில்லை. நான் சொல்லித்தான் அவர் பேசுகிறார் என்று அந்தப் பார்வையில் இருந்தது. நான் எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

மூன்றாவது முறை முயலை ஆண் முயலோடு சேர்க்க, மதினி கூடையில் வைத்து லோக்கல் ரயிலில் உல்லாஸ்நகருக்குத் தனியாகவே எடுத்துப் போனார். அந்த முயல்காரர், "கூடு எத்தனை அடி?" என்று கேட்டாராம். "நாலடி" என்று மதினி பொய் சொல்லிவிட்டு வந்தார். அதை அன்று சாயங்காலம் தம்பியிடம் சிரித்துச் சொன்னார். "மறுபடியும் கூடு விக்கப் பாத்தான். நான் விடுவனா?"

அது சித்திரை வெயில். மேலே தகரக் கூரை. கூட்டில் முயல் வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. மதினி பயந்து, மத்தியானத்தில் அதை அறைக்குள் திறந்து விட்டுவிட்டு ரேஷன் கடைக்குப் போனார். போகும்போது என்னிடம், "தொடாத" என்று ஒரு வார்த்தை.

நான் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். முயல் டிரம் பக்கத்தில் ஈரத் தரையைக் கண்டுபிடித்து, முதலில் உட்கார்ந்தது. பிறகு பின்னங்காலைப் பின்னால் நீட்டியது. பிறகு முன்னங்காலை. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, இன்னும் நீட்டி, கண்ணை மூடிவிட்டது. நான் மெஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டேன். பூசணிக்காய் போல இருந்த உயிர், ஒரு பிள்ளை படுத்திருப்பது மாதிரி நீளமாகக் கிடந்தது.

அளவு நாடா எப்போதும் என் கழுத்தில்தான் தொங்கும். தொடாமல், பக்கத்துத் தரையில் நாடாவை விரித்துப் பார்த்தேன். மூக்கிலிருந்து பின்னங்கால் நுனி வரை முப்பத்திரண்டு அங்குலம். வெளியே போய்க் கூட்டை அளந்தேன். இருபத்து நாலு. அதிலும் ஒரு மூலையைப் பிரம்புக்கூடை எடுத்துக்கொள்ளும்.

ரவிக்கைக்கு அளவெடுக்கும்போது கையைத் தொங்கவிட்டு நிற்கிற அளவை அப்படியே வெட்டினால், கையைத் தூக்கும்போது அக்குளில் கிழியும். தைக்கிற எவளுக்கும் இது தெரியும். உடம்பு அசைவதற்கும் சேர்த்துத்தான் துணி விட வேண்டும். நாங்கள் முயலைக் கூடையில் குறுகி உட்கார்ந்த அளவில் பார்த்தோம். அதையும் கணக்கில் எடுக்காமல் செருப்பு மேடையை அளந்து கூடு வாங்கினோம். அந்த முயல் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூடக் காலை நீட்டியிருக்க முடியாது. திரும்ப வேண்டுமென்றால் பிரம்புக்கூடை மேல் ஏறித்தான் திரும்ப வேண்டும். அந்தக் கூடைக்குள்தான் குட்டிகள் கிடந்தன.

கூட்டின் பக்கவாட்டுக் கம்பியைக் கிட்டத்தில் பார்த்தேன். கட்டை விரல் நுழைகிற ஓட்டை. கீழ் ஓரத்தில் சில ஓட்டைகளில், தாய் பிடுங்கிப் போட்ட சாம்பல் முடி காய்ந்து ஒட்டியிருந்தது. அப்போதுதான் கீழ்வீட்டுக்காரி சொன்ன வார்த்தை ஞாபகம் வந்தது.

அவளிடம் கேட்க எனக்கு இரண்டு மூன்று நாள் ஆனது. குழாயடியில் குடம் நிரம்பும்வரை வாய் வரவில்லை. குடத்தைத் தூக்கிய பிறகுதான் கேட்டேன்.

"அன்னைக்கு ஒங்க வாசல்ல என்ன கெடந்துச்சு?"

"ஏக்கா, எம்மேல பழி போட அனுப்பிவிட்டாவளா?"

"இல்ல. நானாத்தான் கேக்கேன்."

அவள் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு துண்டுச் சதை. தோலு முடி ஒண்ணுமில்லாம, செகப்பா. என்ன எழவுன்னு தெரியல. எனக்கு ஆவாதவ யாரோ மந்திரிச்சுப் போட்டிருக்கான்னு பயந்து, கூட்டித் தள்ளிட்டு, பழம் அறுத்து வச்சேன். ஒங்க மதினிதான் போட்டாவன்னு இன்னிக்கு வரைக்கும் நெனைக்கேன்."

பிறந்த முயல் குட்டிக்கு முடி இருக்காது, கம்பி ஓட்டையில் நழுவி விழுந்திருக்கும் என்று நான் சொன்னேன். அவள் நம்பினாளா என்று தெரியாது. "நீங்க சொன்னாச் சரி" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து பழைய செய்தித்தாள்களைப் பசை போட்டு ஒட்டினேன். புது மாதிரி உடுப்பு என்றால் முதலில் காகிதத்தில் வெட்டிப் பார்ப்பது என் வழக்கம். முயல் நீட்டிய அளவுக்கு மேல் ஒரு கை அகலம், கூடைக்குப் பதிலாக ஒரு மரப்பெட்டி வைக்க இடம் என்று கூட்டிப் பார்த்தால் நாலடி வந்தது. உல்லாஸ்நகர்காரர் சொன்ன அதே நாலடி. அகலம் இரண்டரை. குட்டி போடுகிற பெட்டிக்குத் தனியாக ஒரு காகிதம். அதற்குள் முயல் போய்த் திரும்ப வேண்டும், ஆனால் காலை நீட்டிப் படுக்க முடியக் கூடாது. இடம் கூடினால் அதிலேயே அசிங்கம் பண்ணும். இதைக் காகிதத்தை மடித்து மடித்து, முயலைப் பக்கத்தில் விட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்தேன்.

பெரிய காகிதத்தைத் தரையில் விரித்தேன். அறையில் அது விரிகிற இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில். மதினி படுக்கிற இடம்.

அதை நான் யோசிக்கவில்லை. உள்ளே வந்த மதினி அதைத்தான் முதலில் பார்த்தார்.

"இது என்னது?"

"கூடு மதினி. முசலுக்கு. இவ்ளோ வேணும்."

"எங்க வைக்க?"

காகிதம் கிடந்த இடமே பதிலாக இருந்தது.

"நெனைச்சேன்" என்றார் மதினி. குரல் உயரவே இல்லை. "வாய் பேசாதவளக் கண்டுதான் பயப்படணும்னு நெனைச்சேன். எனக்குப் படுக்க எடமில்லாமப் பண்ணிட்டா நானாப் போயிருவேன்னு அளவெடுத்துருக்க. நாடாவ வச்சு என்னையும் அளந்தியா?"

என் வீட்டுக்காரர் டிராம்பேயிலிருந்து வேலை முடிந்து வந்தபோது நாங்கள் இருவரும் காகிதத்தின் இரண்டு பக்கம் நின்றுகொண்டிருந்தோம். அவர் அதன் மேல் செருப்புக் காலோடு நின்று, "ஏளா, இது முசலுக்கா, நமக்கா? நம்ம மூணு பேரு இதுல படுக்கலாமே!" என்று சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு விளக்கிப் பேச வரவில்லை. முயலைத் தூக்கி வந்து டிரம் பக்கத்தில் விட்டேன். நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ரொம்ப நேரம் உட்கார்ந்தே இருந்தது. மதினி முகத்தில், பார்த்தாயா என்கிற தோரணை வந்துவிட்டது. அதன் பிறகுதான் அது காலை நீட்டியது. நான் செருப்பு மேடையிலிருந்து பழைய கூட்டைத் தூக்கி வந்து முயலின் பக்கத்தில் வைத்தேன். ஓட்டையில் ஒட்டிய முடியையும் காட்டினேன். கீழ்வீட்டுக்காரி சொன்னதைச் சொன்னேன். வாழ்க்கையில் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

மதினி குனிந்து கூட்டையும் முயலையும் மாறி மாறிப் பார்த்தார். "பாவி, இதுக்குள்ளயா கெடந்த" என்று முயலிடம் சொன்னார்.

மூன்று பேரும் பாய் பட்டறைக்குப் போனோம். அங்கே என் வீட்டுக்காரர் சண்டைக்கே போய்விட்டார். "ஏன் பாய், தெரிஞ்சே சிறுசாப் பண்ணிக் குடுத்தியளா? மறுக்கா ஒண்ணு வாங்க வரட்டும்னு?"

பாய் இடுக்கியைக் கீழே வைத்தார். "லே தம்பி, நீ முசலையா எங்கிட்ட கொண்டாந்து காட்டுன? வாசலத்தான காட்டுன. வாசலுக்குச் செஞ்சேன். இப்போ பங்களா கேக்க, பங்களா செய்வோம். இந்தத் தடவையாவது உள்ள யாரு குடியிருக்கப் போறான்னு சொல்லு."

நான் காகிதத்தைக் கொடுத்தேன். பாய் அதைச் சுவரில் ஆணியடித்து மாட்டிக்கொண்டார். அடியில் அரை அங்குல வலை. பக்கவாட்டில் ஒரு சாண் உயரம் வரைக்கும் அதே சின்ன வலை, குட்டி வெளியே நழுவாமல் இருக்க. கால் புண்ணாகாமல் முயல் படுக்க உள்ளே ஒரு பலகை. பெட்டிக்கு ஆப்பிள் பெட்டி மரம்.

வைக்கிற இடம்தான் தீரவில்லை. அதை மதினியே தீர்த்தார். "நாலு காலு வச்சு ஒசத்திக் குடுங்க பாய். அடியில தகரத் தட்டு வைங்க. நான் அதுக்குக் கீழயே படுத்துக்கிடுதேன்."

"அக்கா, மேல மூத்திரம் பெய்யும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"தட்டுல பெய்யட்டும். என்னத் தாண்டாம யாரும் கூட்டத் தொட முடியாதுல்லா."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் அது எனக்குத்தான் என்று. ஆனாலும் எனக்குக் கோபம் வரவில்லை. கூடு வந்துவிட்டது, அது போதும் என்று இருந்தது. அன்றிலிருந்து மதினி தலையைக் கூட்டுக்கு அடியில் வைத்து, காலை மெஷின் பக்கம் விட்டுப் படுத்தார். நீலத் துணியும் புதுக் கூட்டுக்கு மாறியது. நான் அடுப்புக்குப் போகும்போது அது இறங்கும். திரும்பும்போது ஏறும். மேலே முயல் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு இதையெல்லாம் பார்க்கும்.

குட்டி போடும் நாள் நெருங்கியது. என் வீட்டுக்காரர் தாதர் ஸ்டேஷனில் ஊருக்கு டிக்கெட் எடுக்கிற வரிசை எவ்வளவு நீளம் என்று ஒரு நாள் சும்மா சொன்னார். மதினி டிரங்குப் பெட்டியிலிருந்த புடவைகளை எடுத்து உதறி, மறுபடி அடுக்கினார்.

முதல் மழை பெய்த மறுநாள். குழாயில் தண்ணீர் வருகிற விடியற்காலை. நான் குடத்தை எடுத்தேன். கூட்டுக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"ஏட்டி. நில்லு."

மதினி எழுந்து உட்கார்ந்திருந்தார். "பெட்டிக்குள்ள ஏதோ கீச்சுனு கேக்கு. எனக்குப் பாக்கப் பயமாருக்கு."

முயல் பெட்டிக்கு வெளியே, பலகை மேல் நீண்டு கிடந்தது. பெட்டிக்குள் முடிக் குவியல். குவியல் அசைந்தது.

நான் குடத்தை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் ஒதுங்கினேன். மதினி என் கையைப் பிடித்து இழுத்தார். மூக்கின் அருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். "சோப்பு வாசம். அதுக்கு ஆவாது." கூட்டிலிருந்து ஒரு பிடி வைக்கோலை எடுத்து என் உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு என்று பாத்திரம் தேய்க்கிற மாதிரித் தேய்த்தார். மறுபடி மோந்தார். திருப்தி இல்லை. இன்னொரு முறை தேய்த்தார்.

"ம். இப்ப எண்ணு. மெதுவா."

கையை விட்டேன். முடிக்கு அடியில் சூடாக, வழுவழுவென்று, ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன. விரலை முட்டின. "ஏழு" என்றேன். "எல்லாம் அசையுது மதினி."

"நல்லாப் பாத்தியா? ஒண்ணையே ரெண்டு தடவ எண்ணிருக்கப் போற."

மறுபடி எண்ணினேன். ஏழுதான். மதினி தன் கையையும் வைக்கோலில் தேய்த்துக்கொண்டு உள்ளே விட்டார், நான் சொன்னது சரியா என்று பார்க்க. பிறகு என்னை அடுப்புப் பக்கம் போகச் சொல்லிவிட்டு, நீலத் துணியை இழுத்து விட்டார். பாதி வரைக்கும்தான் இழுத்தார்.

மறுநாள் ஒரு குட்டி இறந்திருந்தது. ஆறு இருந்தன. என் வீட்டுக்காரர் தாதருக்குப் போகவில்லை. எப்போதும்போல டிராம்பே பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போனார்.